கடைசல்காரர்களின் ஊர்கள்: ஆறு நாள் பயணம்

முதல் நாள் – வின்ட்சர், வெர்மான்ட்

பாஸ்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் வின்ட்சர் வந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயர் பக்கமிருந்து வந்தால், 1866-ல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் வழியாக கனெக்டிகட் ஆற்றைக் கடக்கலாம். பெரும்பாலானவர்கள் அந்தப் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, மில் புரூக் என்ற ஓடையின் கரையில், உச்சியில் சிறு கூண்டு வைத்த செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. கடைசல் இயந்திரமான லேத்தோ, சுழலும் கட்டரால் சீவும் மில்லிங் மெஷினோ தொட்டுப் பிழைக்கும் எவரும் பார்க்கவேண்டிய இடம் அது. 1846-ல் ராபின்ஸ், கெண்டல், லாரன்ஸ் என்ற கூட்டாளிகள் கட்டிய துப்பாக்கித் தொழிற்சாலை. இன்று அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்; கோடையிலோ இலையுதிர் காலத்திலோ வாருங்கள்.

1851 லண்டன் பொருட்காட்சியில் இந்தக் கம்பெனி ஆறு ரைபிள்களை வைத்தது. ஆறையும் கழற்றிப் பாகங்களை ஒன்றாகக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்டினாலும் துப்பாக்கி வேலை செய்யும். அதுவரை ஒவ்வொரு பாகத்தையும் ஃபிட்டர் அரம் போட்டுத்தான் பொருத்தவேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அரசு அசந்துபோய், என்ஃபீல்டில் இருந்த தன் ஆயுதச்சாலைக்கு இங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மெஷின்களை வாங்கியது.

பாகம் மாற்றிப் பூட்ட முடிந்ததற்குக் காரணம் மெஷின் நல்ல மெஷின் என்பது மட்டுமல்ல. இரண்டு ஒழுங்குகள் அதற்குப் பின்னால் இருந்தன. முதலாவது, எல்லா ஆபரேஷனிலும் (வெட்டும் கட்டம்) ஜாப்பை, அதாவது வேலை செய்யும் பொருளை, ஒரே முகத்தில் உட்கார வைப்பது. ஒரு ஆபரேஷனுக்கு அடிமுகத்தையும் அடுத்ததற்குப் பக்கமுகத்தையும் ஆதாரமாகப் பிடித்தால் பிழை கூடிக்கொண்டே போகும். ஆபரேஷனுக்கு 0.05 மி.மீ. என்று வைத்தால்கூட, ஐந்தாவது ஆபரேஷனில் கால் மி.மீ. வரை தள்ளிவிடலாம். இரண்டாவது, அளவு சரியா என்று பார்க்கும் கேஜ். மாஸ்டர் கேஜ் பூட்டிய பெட்டியில், இன்ஸ்பெக்‌ஷன் கேஜ் சோதகர் கையில், ஒர்க்கிங் கேஜ் மெஷின் பக்கத்தில் இருக்கும். நுழையவேண்டிய 'கோ' கேஜ் ஒவ்வொரு ஜாப்பிலும் நுழைந்து வெளியே வருவதால் தேயும். நுழையக்கூடாத 'நோ கோ' அவ்வளவாகத் தேயாது. அதனால் துளை பார்க்கும் புதிய 'கோ' பிளக்கைத் தேய்மானத்துக்கு இடம் வைத்து மிக மெல்லிய அளவு பெரிதாகச் செய்வார்கள். இதைச் செய்யாத இடங்களில், தேய்ந்த கேஜை நம்பிச் சிறிய துளை போட்ட பாகங்கள் ஆயிரக்கணக்கில் அசெம்பிளிக்குப் போய், அங்கே ஷாஃப்ட் நுழையாமல் நிற்கும்.

உள்ளே வரிசையாக நிற்கும் பழைய லேத்களில் 'பெட்' என்ற நீண்ட அடித்தளத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் 'சக்'கை ஒட்டிய பகுதி தேய்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் ஜாப்பைத் தாங்கும் டெயில்ஸ்டாக் முனை ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். பட்டறையில் முக்கால்வாசி வேலை சக்கை ஒட்டித்தான் நடக்கும் என்பதால் எந்த லேத்திலும் இப்படித்தான். தேய்ந்த இடத்தில், டூலைச் சுமந்து ஓடும் சேடில் ஆடுகிறதே என்று அதன் இடைவெளியைச் சரிசெய்யும் கிப் பட்டையை இறுக்கினால், டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சிக்கிக்கொள்ளும். சிக்காமல் இருக்கட்டும் என்று தளர்த்தினால் சக் பக்கம் ஜாப்பின் விட்டம் சீராக வராமல் சரிவு (டேப்பர்) விழும். பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பெயின்ட்டை அல்ல, இதைத்தான்.

தேய்ந்த பெட்டைச் சரிசெய்ய இன்றும் கை வேண்டும். ஸ்கிரேப்பிங் என்ற அந்த வேலை இப்படிப் போகும். மட்டமான மேசைத்தட்டில் நீலச் சாயத்தை மிக மெல்லிசாகத் தடவி, ஜாப்பை அதன்மேல் ஒரு சாண் தூரம் தேய்க்கவேண்டும். மேடாக இருக்கும் இடங்களில் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும், ஓர் இழுப்புக்கு மூன்று முதல் ஐந்து மைக்ரான் வரை சுரண்டவேண்டும். துடைத்துவிட்டு மறுபடி நீலம். அடுத்த சுற்றில் சுரண்டும் திசையைக் குறுக்கே மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் பரப்பு அலை அலையாகிவிடும். ஒரு சதுர அங்குலத்தில் இருபது நீலப்புள்ளி விழும்வரை இதே வேலைதான். நடுவே இருக்கும் நுண்ணிய பள்ளங்களில் எண்ணெய் தங்கும். பள்ளமே இல்லாமல் கண்ணாடிபோல் கிரைண்ட் செய்த இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சேடில் வழுக்கிப் போகாமல் விட்டுவிட்டு நகரும்.

அந்த மேசைத்தட்டு மட்டம் என்று எப்படித் தெரியும்? ஜோசப் விட்வொர்த் 1840-ல் எடுத்துச் சொன்ன மூன்று தட்டு முறைதான். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தபடியே பொருந்திவிடும். மூன்று தட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும்போது, மூன்றும் மட்டமாக இருந்தாலொழிய எல்லா ஜோடியும் சேராது. உலகத்தில் உள்ள துல்லியமெல்லாம் இப்படி வெறும் கையிலிருந்து தொடங்கியது. இந்தப் பயணம் முழுக்க அந்தக் கையைத்தான் தேடிப்போகிறோம்.

ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நீடிக்கவில்லை. இங்கிலாந்துக்கு 25,000 ரைபிள் தருவதாக ஒப்புக்கொண்டு, சொன்ன தேதிக்குத் தர முடியாமல் 1850-களின் நடுவில் கடனில் மூழ்கியது. இங்கே தொழில் கற்றவர்கள் மெஷின் வரைபடங்களோடு வேறு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களில் ஒரு கிளை போன ஊருக்கு நாளை.

இரண்டாம் நாள் – ஸ்பிரிங்ஃபீல்ட், வெர்மான்ட்

வின்ட்சரிலிருந்து தெற்கே அரைமணி நேரம். பிளாக் ரிவர் என்ற சிற்றாறு செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கில் ஊர் இருக்கிறது. 'பிரிசிஷன் வேலி' என்று பெயரெடுத்த இடம்.

வின்ட்சரில் வளர்ந்த ஜோன்ஸ் அண்ட் லாம்சன் கம்பெனி 1888-ல் இங்கே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ஹார்ட்னெஸ் பொறுப்பேற்றார். பல டூல்களைத் திருப்பித் திருப்பி முன்னே கொண்டுவரும் டரட் லேத்தில், டூல்கள் உயரமான உருளையில் குத்துக்கால் போல நிற்கும். வெட்டும் விசை அந்த உயரத்தில் விழுவதால் ஆட்டம் கொடுக்கும். ஹார்ட்னெஸ் டரட்டைத் தட்டையான வட்டத்தட்டாக்கி, டூல்களைப் பெட்டோடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்தார். ஆட்டம் குறைந்தது, ஆழமாக வெட்ட முடிந்தது. கணினி ஓட்டும் இன்றைய சிஎன்சி லேத் டரட்டிலும் இதே கணக்குதான்: டூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும்.

துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எட்வின் ஃபெலோஸை ஹார்ட்னெஸ் இங்கே கொண்டுவந்தார். அந்த மனிதர் 1896-ல் கியர் பல் வெட்டும் மெஷினான கியர் ஷேப்பரைக் கொடுத்தார். மில்லிங் கட்டரால் கியர் பல் வெட்டினால், ஒரு பல் அளவுக்கு (பிட்ச்) எட்டுக் கட்டர் கொண்ட செட் வேண்டும். அதுவும் ஒவ்வொரு கட்டரும் ஒரு வரம்புக்குள் உள்ள பல் எண்ணிக்கைக்குத் தோராயமான வடிவத்தைத்தான் தரும். ஃபெலோஸ் கட்டரையே ஒரு கியராகச் செய்தார். அது மேலும் கீழும் போய்வந்து வெட்டிக்கொண்டே, ஜாப்போடு பல்லுக்குப் பல் உருளும். உருளும்போது சரியான வளைவு தானாகப் பிறக்கிறது. ஒரே கட்டர் 20 பல்லுக்கும் போதும், 90 பல்லுக்கும் போதும். உள்பல் கியரும் வெட்டலாம். தோளை ஒட்டி நிற்கும் பல்லையும், பக்கத்தில் சிறு பள்ளம் இருந்தால் வெட்டலாம். ஸ்குரூ வடிவக் கட்டரான ஹாப் அங்கே போய் முட்டிக்கொள்ளும். மோட்டார் வாகன கியர்பாக்ஸ் அவ்வளவு வேகமாகப் பெருகியதில் இந்த மெஷினுக்குப் பெரிய பங்குண்டு. பிறகு 1909-ல் பிரையன்ட் சக்கிங் கிரைண்டர் வந்தது. துளையின் உட்சுவரை கிரைண்ட் செய்யும் வேலைக்குப் பேர்போன கம்பெனி.

ஹார்ட்னெஸ் 1921 முதல் 1923 வரை வெர்மான்ட் கவர்னராகவும் இருந்தவர். வானியல் பித்து. அவர் அழைத்ததால் தொலைநோக்கி ஆர்வலர் ரஸல் போர்ட்டர் 1919-ல் இங்கே வந்தார். ஸ்குரூ மரையின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் விழவைத்து, வரைந்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆப்டிகல் கம்பாரேட்டர் இந்த இருவர் கூட்டில் உருவானது. அதுவரை மரையின் வெளி விட்டம் சரியாக இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். கோணமும், மரைக்கு மரை தூரமான பிட்ச்சும் தவறியிருக்கும், நட்டு இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். நிழலில் மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்தன.

போர்ட்டர் 1920-ல் இந்த ஊர்த் தொழிலாளிகளுக்குத் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வெளியே பிரீஸி ஹில் குன்றில் அவர்கள் கட்டிய ஸ்டெல்லஃபேன் சங்கக் கட்டடம் ரோஸ் நிறத்தில் இன்றும் நிற்கிறது. ஒரு கண்ணாடித் தட்டின்மேல் இன்னொன்றை வைத்து, நடுவே அரைப்புத்தூளும் நீரும் விட்டுத் தேய்த்தால், மேலது குழியும், கீழது புடைக்கும். தூளைப் படிப்படியாக நைசாக்கி, கடைசியில் தார் பூசிய தட்டில் மெருகேற்றவேண்டும். பகலில் ஷாஃப்ட் கடைந்தவர்கள் மாலையில் இதைச் செய்தார்கள். நேற்றுப் பார்த்த மூன்று தட்டு முறையின் தம்பி இது: தேய், பார், மறுபடி தேய். ஒரு ஊரே இப்படித் துல்லியத்தைப் பொழுதுபோக்காக வைத்திருந்தது என்பதை நினைத்தால் மனம் நிறைகிறது.

அந்த ஊர் எப்படி விழுந்தது?

மெஷின் டூல், அதாவது லேத் போல மற்ற மெஷின்களைச் செய்யும் மெஷின், வியாபாரம் நல்ல காலத்தில் தாங்காது, கெட்ட காலத்தில் கிடைக்காது. கார் கம்பெனியின் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அது புதிய மெஷின் வாங்குவதையே நிறுத்திவிடும். அதனால் ஆர்டர் வரும்போது ஆள் எடுப்பது, போகும்போது அனுப்புவது என்றே இந்தக் கம்பெனிகள் ஓடின. தேவை உச்சத்தில் இருந்தபோது வாங்குபவரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் காக்கவைத்தார்கள். 1950-களின் கடைசியிலிருந்து ஊர்க்கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெளியூர்ப் பெருநிறுவனங்களின் கைக்குப் போயின. லாபம் வெளியே போனது. கூரையும் மெஷின்களும் பழசாகவே இருந்தன.

இதற்கிடையே, எண்களாக எழுதிய கட்டளைகளால் மெஷினை ஓட்டும் எண்வழிக் கட்டுப்பாடு வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 1952-லேயே மில்லிங் மெஷினைத் துளைநாடா வைத்து ஓட்டிக் காட்டியிருந்தது. பிறந்த இடம் அமெரிக்காதான். ஆனால் அது விமானக் கம்பெனிகளுக்கான விலைகூடிய, சிக்கலான மெஷினாகவே வளர்ந்தது. ஜப்பானில் 1972-ல் ஃபுஜிட்சுவிலிருந்து பிரிந்த ஃபானுக் எளிய கன்ட்ரோலரை ஒரே மாதிரியாகப் பெருமளவில் செய்தது. சிறு பட்டறைக்குத் தேவையான நடுத்தர அளவு சிஎன்சி லேத்தைக் கேட்ட உடனே கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் காத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. 1982-ல் மெஷின் டூல் உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவைத் தாண்டியது. இருபது வருடம் தள்ளாடி, 2000-களின் தொடக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டின் பெரிய கம்பெனிகள் ஓய்ந்தன.

எஃகு ஆலை மூடினால் உலகத்துக்கே தெரியும், புகைபோக்கி நின்றுவிடும். லேத் கம்பெனி மூடுவது சத்தமில்லாமல் நடக்கும். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய இழப்பு. எஃகை வேறு ஊரில் வாங்கிக்கொள்ளலாம். மெஷினைச் செய்யும் மெஷினை எப்படிச் செய்வது என்று அறிந்த ஆயிரம் பேர் ஒரே பள்ளத்தாக்கில் இருப்பதை எங்கேயும் வாங்க முடியாது.

மூன்றாம் நாள் – சாலையில்

பென்சில்வேனியாவின் பெத்லஹேம் வரை ஐந்து மணி நேரம். நெடுஞ்சாலையும் மரங்களும்தான். அதனால் இன்று ஒரு மெஷினிஸ்டின் ஷிப்ட் எப்படிப் போகும் என்று எழுதிவிடுகிறேன். நாளை பார்க்கப்போகும் இடம் அப்போதுதான் புரியும்.

கையில் வந்திருப்பது 100 மி.மீ. விட்டம், 1,500 மி.மீ. நீளமுள்ள, காய்ச்சி அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்) ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். மெஷினை ஓட்டுவதற்கு முன் வரைபடத்தோடு ஒரு கால் மணி நேரம். எந்த முகம் ஆதாரம், எந்த அளவு கடைசியில் வரவேண்டும் என்று முடிவு செய்யாமல் சக்கில் பிடித்தால், பாதியில் பிடிக்க இடமில்லாமல் போய்விடும்.

இரு முனையையும் தட்டையாகக் கடைந்து (ஃபேஸிங்), தாங்கிப் பிடிக்க நடுவில் சென்டர் துளை போடவேண்டும். நீளம் விட்டத்தைப்போல் பதினைந்து மடங்கு இருப்பதால், நடுவில் ஸ்டெடி என்ற தாங்கி இல்லாமல் ஓட்டினால் ஜாப் வில்லாக வளைந்து நடுப்பகுதி தடித்துவிடும். ஸ்டெடி உட்காரும் இடத்தை முதலில் வட்டமாகக் கடைந்துகொள்ளவேண்டும். கோணலான இடத்தில் ஸ்டெடி வைத்தால் அந்தக் கோணலையே ஷாஃப்ட் முழுக்கப் படியெடுக்கும். பிறகு எல்லா விட்டத்தையும் 3 மி.மீ. மிச்சம் விட்டு ரஃப் வெட்டு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. மேல்தோல் போனதும் உள்ளே அடங்கியிருந்த அழுத்தம் விடுபட்டு ஷாஃப்ட் திரும்பும். முடிந்தால் ஒரு இரவு கிடக்கவிட்டு, சென்டரைச் சரிபார்த்துப் பிறகு ஃபினிஷ் வெட்டவேண்டும்.

சூடான ஜாப்பில் மைக்ரோமீட்டர் வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 100 மி.மீ. எஃகு பத்து டிகிரி சூடேறினால் 12 மைக்ரான் விரியும். அளவு சரி என்று இறக்கிவைத்தது ஆறியதும் சிறுத்து ரிஜெக்ட் ஆகும். அளவுகளுக்கான பொது வெப்பநிலை உலகெங்கும் 20 டிகிரி.

இரண்டாவது தவறு, சாட்டர் என்ற அதிர்வு வரும்போது ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் அளவைக் குறைப்பது. டூல் கீறென்று அலறி, பரப்பில் வரிவரியாக விழும்போது கை தானாக ஃபீடைக் குறைக்கும். குறைத்தால் டூல் வெட்டாமல் உரசத் தொடங்கி, அலறல் கூடும். சுழலும் ஸ்பீடைக் குறைத்து ஃபீடைக் கூட்டவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் டூலை உள்ளே தள்ளிப் பிடிக்கலாம், மூக்கு ரேடியஸைக் குறைக்கலாம், கிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

சீவலின் நிறமும் பேசும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் நீலச் சீவல் வந்தால் ஸ்பீடு அதிகம், முனை சீக்கிரம் போய்விடும். அதைவிடக் கடினமான கார்பைடு டூலில் எஃகு வெட்டும்போது நீலம்தான் சரி. நீண்ட நாடாவாக வரும் சீவலைக் கையால் இழுக்கவே கூடாது, கொக்கிதான். கையுறை, மோதிரம், நீளக்கை சட்டை எதுவும் சுழலும் சக்கின் பக்கத்தில் ஆகாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய விபத்து.

இதையெல்லாம் கற்க அமெரிக்காவில் வைத்திருந்த கணக்கு நான்கு ஆண்டு, 8,000 மணி நேரம். பிற்காலத்தில் வெர்மான்ட் செனட்டரான ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ் அப்படி ஒரு மெஷினிஸ்ட் அப்ரென்டிஸாக வாழ்க்கையைத் தொடங்கி, ஜோன்ஸ் அண்ட் லாம்சனின் தலைவரானவர்.

நான்காம் நாள் – பெத்லஹேம், பென்சில்வேனியா

லீஹை ஆற்றங்கரையில் ஐந்து ஊதுலைகள் துருவேறி வரிசையாக நிற்கின்றன. அவற்றையொட்டி, மூலப்பொருள் வண்டிகள் ஓடிய உயர்பாதையை நடைபாதையாக்கி 2015-ல் திறந்தார்கள். கட்டணம் இல்லை. காலை வெயிலில் போனால் குழாய்களின் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். பக்கத்திலேயே பழைய எலக்ட்ரிக்கல் ரிப்பேர் ஷாப்பில் 2016-ல் தொடங்கிய தொழில் வரலாற்று அருங்காட்சியகம். 1876 பிலடெல்பியா பொருட்காட்சியில் வைத்த மெஷின்கள் இங்கே இருக்கின்றன. அதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

உலைகளைவிட இந்த ஊரின் மெஷின் ஷாப்தான் தொழிலை மாற்றியது. நம்பர் 2 மெஷின் ஷாப் என்ற நீண்ட கொட்டடி கடற்படைப் பீரங்கிகளுக்காக எழுந்தது. அக்காலத்தில் உலகின் மிகப்பெரிய தொழிற்கூடங்களில் ஒன்று.

பெரிய பீரங்கிக் குழாய் ஒரே துண்டில் வராது. உள்குழாயின்மேல் வளையங்களைச் சூடாக்கிப் போர்த்துவார்கள். 500 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்தை, குழாயைவிட அரை மி.மீ. சிறிதாகக் கடையவேண்டும். அதை 300 டிகிரி சூடேற்றினால் 1.8 மி.மீ. விரியும். அப்போது கிடைக்கும் இடைவெளி 1.3 மி.மீ. அந்த இடைவெளி ஆறுவதற்குள் வளையம் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடவேண்டும். கிரேன் சற்று சாய்ந்தாலோ ஒரு நிமிடம் தயங்கினாலோ வளையம் பாதி வழியில் கவ்விக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆறும்போது வளையம் நீளத்திலும் சுருங்கும் என்பதால், முந்தைய வளையத்தோடு ஒட்டவேண்டிய முனையை முதலில் நீர் தெளித்து ஆறவைக்கவேண்டும். மாற்றி ஆறவைத்தால் இடையில் சந்து விழும். குழாயைத் துளைப்பதிலும் ஒரு பாடம் உண்டு: டூலைச் சுழற்றாமல் ஜாப்பைச் சுழற்றினால் ஆழத்துளை நடுக்கோட்டை விட்டு விலகுவது குறையும்.

1898-ல் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் இங்கே வந்தார். உலோகவியலாளர் மான்செல் வைட்டோடு சேர்ந்து டங்ஸ்டன் கலந்த டூல் எஃகைச் சோதித்தார். டூலை செர்ரிச் சிவப்பு நிறத்துக்கு மேல் காய்ச்சினால் 'எரிந்துவிடும்' என்பது அன்றுவரை எல்லாக் கொல்லர்களும் அறிந்த விதி. 850 டிகிரியைத் தாண்டியதும் டூல் உண்மையிலேயே கெட்டது. இவர்கள் நிறுத்தாமல் இன்னும் மேலே போனார்கள். முனை உருகத் தொடங்கும் எல்லைவரை காய்ச்சியபோது, முன்பிருந்ததைவிடப் பல மடங்கு நல்ல டூல் கிடைத்தது. அந்தச் சூட்டில்தான் டங்ஸ்டன் கார்பைடுகள் எஃகில் கரைகின்றன. 1900 பாரிஸ் பொருட்காட்சியில், முனை செந்தணலாக ஒளிர, நீலச் சீவல் உருட்டி வெட்டிக் காட்டினார்கள். சாதாரண கார்பன் எஃகு 250 டிகிரியில் தளர்ந்துவிடும். இது 600 வரை தாங்கும்.

இன்று கடையில் கிடைக்கும் எச்.எஸ்.எஸ். டூல் அதன் வாரிசு. அதன் பழைய கலவை 18 சதம் டங்ஸ்டன், 4 குரோமியம், 1 வனேடியம். 850 டிகிரியில் மெதுவாக முன்சூடு ஏற்றவேண்டும். நேராகப் பெருஞ்சூட்டில் போட்டால் வெடிக்கும். பிறகு 1,270 டிகிரி வரை சட்டென்று ஏற்றி, அந்தச் சூட்டில் சில நிமிடங்களுக்குமேல் வைக்காமல் எண்ணெயில் இறக்கவேண்டும். அதிகம் வைத்தால் மணிகள் பெருத்து முனை உதிரும். 550 டிகிரியில் இரண்டு முறை மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தவேண்டும் (டெம்பர்). முதல் டெம்பருக்குப் பிறகு ஆறும்போதுதான் மிச்சமிருந்த மென்பகுதி கடினமாகிறது. அந்தப் புதிய கடினப்பகுதியைப் பதப்படுத்த இரண்டாவது முறை. ஒரு முறையோடு நிறுத்தியவர்களின் டூல் மூக்கு உடையும்.

டெய்லரின் சோதனைகள் மொத்தம் 26 ஆண்டு நீண்டன. 8 லட்சம் பவுண்டு உலோகம் சீவலாகியது. அதிலிருந்து வந்த டூல் ஆயுள் கணக்கை இன்றும் பயன்படுத்துகிறோம். எச்.எஸ்.எஸ்.ஸில் ஸ்பீடை 20 சதம் கூட்டினால் டூலின் ஆயுள் கால்பங்குக்கும் கீழே போகும், கார்பைடில் பாதியாகும்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. ஸ்பீடு, ஃபீடு, ஆழம், டூல் கோணம் என்று பன்னிரண்டு மாறிகளை டெய்லரோடு வேலை செய்த கார்ல் பார்த், நகர்த்திக் கணக்குப் போடும் ஒரு ஸ்லைடு ரூலில் அடக்கினார். அதுவரை டர்னர் தன் கைப்பக்குவத்தில் முடிவு செய்ததை, இனித் திட்ட அறையில் உட்கார்ந்தவர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் தொழிலாளியின் தலையிலிருந்து தொழிலைப் பிரித்தெடுக்கலாம் என்ற எண்ணமும் இந்தக் கொட்டடியில்தான் பழக்கமானது. எண்வழிக் கட்டுப்பாடு வந்ததும் சீட்டு எழுதுபவருக்கும் லீவரைப் பிடிப்பவருக்கும் நடுவிலிருந்த கடைசி இழையும் அறுந்தது. ஆளைக் குறைக்கலாம் என்ற கணக்கில் அப்ரென்டிஸை எடுக்காமல் விட்டார்கள். இருபது வருடம் கழித்து, புரோகிராம் எழுதவும் அனுபவம் உள்ள மெஷினிஸ்ட்தான் வேண்டும் என்று தெரிந்தபோது ஆள் இல்லை.

பெத்லஹேமில் எஃகு காய்ச்சுவது 1995 நவம்பரில் நின்றது. கம்பெனி 2001-ல் திவாலானது. பழைய வளாகத்தின் ஒரு பகுதியில் இப்போது கேசினோ நடக்கிறது.

ஐந்தாம் நாள் – ஹோம்ஸ்டெட், பிட்ஸ்பர்க்

மேற்கே மறுபடி ஐந்து மணி நேரம். விடியுமுன் கிளம்பினால் மதியம் கேரி ஊதுலையைப் பார்க்கலாம். குளிர்காலம் தவிர்த்த மாதங்களில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு தேவை. மூடிய ஷூ கட்டாயம். 6, 7 எண்ணுள்ள இரண்டு உலைகள் 92 அடி உயரத்தில் நிற்கின்றன. இங்கே உருக்கிய இரும்பு, மொனங்காஹேலா ஆற்றுப் பாலத்தில் வண்டியேறி அக்கரையிலிருந்த ஹோம்ஸ்டெட் ஆலைக்குப் போனது.

அக்கரையில் ஆலை இல்லை. இரண்டாம் உலகப்போரில் 15,000 பேர் வேலை பார்த்த இடம் 1986-ல் மூடப்பட்டு, இன்று கடைவளாகம். 12 செங்கல் புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 1892 ஜூலை 6 அன்று, வேலைநிறுத்தத்தை உடைக்கப் படகில் வந்த பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் கம்பெனியின் ஆட்களும் தொழிலாளிகளும் மோதிய ஆற்றங்கரையில் பழைய பம்ப் ஹவுஸ் இன்னும் இருக்கிறது.

எஃகு ஆலையில் மெஷினிஸ்டுக்கு என்ன வேலை என்று பலர் கேட்பதுண்டு. ரோல் ஷாப்தான் பதில். உத்திரமும் தண்டவாளமும் உருளும் ரோல்களின் பள்ளங்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். அவற்றை மறுபடி கடைந்துதரவேண்டும். ரோலைச் சென்டரில் பிடிக்காமல், மில்லில் சுழலும் அதே கழுத்துகளில் உட்காரவைத்துக் கடைவார்கள். அப்போதுதான் பள்ளம் கழுத்தோடு ஒரே நடுக்கோட்டில் இருக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தகடு தடித்தும் மெலிந்தும் வரும். மேல்தோல் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்கிய 'சில்' வார்ப்பிரும்பு என்றால் நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகம்தான். அகலமான டூல் முணுமுணுத்துக்கொண்டே ஊசி ஊசியாகச் சீவும். ஒவ்வொரு முறை கடையும்போதும் ரோலின் விட்டம் குறையும். மேல் ரோலும் கீழ் ரோலும் ஜோடியாகவே குறையவேண்டும். ஒன்று பெரிதானால் அதன் பரப்பு வேகமாக ஓடி, கம்பி மேலேயோ கீழேயோ வளைந்து வெளியேறும்.

இந்தக் கணக்கையெல்லாம் வைத்திருந்தவர்கள் ரோல் டர்னர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தகட்டில் வெட்டிய டெம்ப்ளேட் அவர்கள் அலமாரியில் தொங்கும். வேறெந்த ஆலையின் ரோலுக்கும் அது பொருந்தாது. ஆலை மூடியபோது அந்தத் தொழிலாளிகளின் திறமையும் அதுபோலவே ஆனது.

ஆறாம் நாள் – யங்ஸ்டவுன், ஒஹாயோ

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தது. ஒரே அறிவிப்பில் 5,000 வேலை போனது. ஊர் அதைக் கறுப்புத் திங்கள் என்கிறது. பழைய உலைகள், கடலோரத்துக்கு வெகுதூரத்தில் இருந்த இடம், வெளியிலிருந்து வந்து வாங்கிய உரிமையாளர், மலிவான இறக்குமதி என்று காரணம் ஒன்றல்ல. நகர மையத்தில் உள்ள தொழில், தொழிலாளர் வரலாற்று அருங்காட்சியகம் அதைப் பொறுமையாகச் சொல்கிறது.

இங்கே பார்க்கவேண்டியது டாட் எஞ்சின். யங்ஸ்டவுனிலேயே வில்லியம் டாட் கம்பெனி 1914-ல் செய்த உருட்டாலை நீராவி எஞ்சின். 260 டன் எடை. இதே ஊரின் பிரையர் ஹில் ஆலையை 1979 வரை ஓட்டியது. ஆலை போனபின் ஆர்வலர்கள் காப்பாற்றிக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். முன்னே போய் நின்றதும் கண்ணில் படுவது அளவு. அரை மணி நேரம் நின்றால்தான் வேலை தெரியும்: குறுக்குத்தலை ஓடும் வழிகள், கிராங்க் பின், கப்ளிங் போல்ட் துளைகள். எல்லாம் கைச்சக்கரம் சுழற்றிய மெஷின்களில், உள்ளூர்ப் பட்டறையில் கடைந்தவை.

இப்படிப்பட்ட எஞ்சினில் ஷாஃப்டைத் தாங்கும் ஒரு பேரிங் போனால் கடையில் கிடைக்காது, ஊற்றவேண்டும். உட்புறம் ஊற்றியிருந்த பழைய வெள்ளை உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டு, பேரிங்கின் வெளி ஓடு எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்கும்படி கழுவி, வெள்ளீயம் பூசவேண்டும். பூச்சில் ஓர் இடம் விட்டுப்போனாலும் அந்த இடத்தில் உலோகம் ஒட்டாமல், ஓடும்போது உப்பிக்கொண்டு வரும். நடுவில் வைக்கும் உருளைக்குப் புகைக்கரி பிடித்து, வெளி ஓடு, உருளை இரண்டையும் சூடேற்றிக்கொள்ளவேண்டும். குளிர்ந்த ஓட்டில் ஊற்றினால் உலோகம் மடிப்பு மடிப்பாக உறையும். உலோகத்தின் சூட்டைப் பார்க்க ஒரு பைன் குச்சியை முக்குவார்கள்: பழுப்பாகக் கருகினால் சரி, தீப்பிடித்தால் அதிகம். நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். ஆறும்போது உலோகம் சுருங்கும், அதனால் மேலே மிச்சம் விடவேண்டும். பிறகு சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பார்க்க, மணிபோல் ஒலித்தால் ஒட்டியிருக்கிறது. பொத்தென்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

துளையைப் போரிங் பாரில் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கடைந்து, ஷாஃப்டில் நீலம் தடவி, பேரிங்கில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பி, கழற்றி, நீலம் பட்ட இடத்தைச் சுரண்டி, மறுபடி வைக்கவேண்டும். வின்ட்சரில் பெட்டுக்குச் செய்த அதே வேலை, இங்கே வளைந்த பரப்பில், வளைந்த ஸ்கிரேப்பரால். அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குப் புள்ளிகள் சீராக விழும்வரை. பெரிய பேரிங் ஒன்றுக்கு இரண்டு பேர், இரண்டு மூன்று நாள்.

எஞ்சினைப் பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. தன்னார்வலர்கள் இருக்கும் நாளில்தான் திறப்பார்கள். தரை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். நாளை காலை கிளீவ்லாந்து விமான நிலையம்; இங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம்.